கொலர் வைக்காத சேட்டு

1

ஊரில் உங்களுக்கு ஒக்ரோபர் கடைசி என்றால் மாரி தொடங்கி ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிற காலம். இங்கே ரொறொன்ரோவில் அது பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி வாசலில் வைக்கிற காலம். வந்த முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு, இந்தச் சனமும் நாவூறு கழிக்குது என்று நான் கூட இருந்த பெடியங்களுக்கு விளங்கப்படுத்தினேன். அவர்கள் இன்றைக்கும் கலியாண வீடுகளில் கண்டால் அதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள்.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு பதினான்கு மாடிக் கட்டிடத்துக்கு நான் சுப்பர். பெயரைக் கேட்டுப் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதேங்கோ. ஒழுகுகிற பைப், அடைத்த சிங்க், நடுவழியில் நிற்கிற லிஃப்ட், தொலைந்த சாவி, எல்லாவற்றுக்கும் கூப்பிடுகிற ஆள் நான்தான். ஏ.எல். சோதனைக்கு ஆயத்தப்படுத்தின வருடத்தோடு என் படிப்பு நின்றுபோனது. மிச்சத்தை ஆட்களோடு கதைத்துக் கதைத்துத்தான் படித்தேன். யாராவது நல்லதாக ஒன்று சொன்னால், திருத்த வேலை எழுதுகிற துண்டின் பின்பக்கத்தில் குறித்து வைப்பது என் பழக்கம். ஒரு பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டது. "துடைக்கிற துண்டுகளுக்கு இருக்கிற பயன்கூட உதுகளுக்கு இல்லை" என்பது என் மனிசியின் அபிப்பிராயம். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் எனக்கு ஒரு மேலதிக வேலை. கீழ்த்தளத்துப் பொது அறையைத் திறந்து, இருபது கதிரையை வட்டமாகப் போட வேண்டும். உருதுக் கதைக் கூட்டம். லாகூர், கராச்சி, ஹைதராபாத், டெல்லி என்று எங்கெங்கோ இருந்து வந்து இந்தப் பக்கத்துக் கட்டிடங்களில் குடியிருக்கிற வயதுபோன ஆட்கள் கூடி, ஆளுக்கொரு மாதம் தாங்கள் எழுதின சிறுகதையை வாசிப்பார்கள். முதல் தரம் அதற்கு அறிவித்தல் எழுதி ஒட்டினது நான்தான். ஸ்ரோரி என்று எழுத வேண்டிய இடத்தில் ஸ்ரோர் என்று எழுதிவிட்டேன். இரண்டு பேர் பையோடு வந்து அரிசி என்ன விலை என்று கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. கதையை வாசித்து முடித்த ஆள் அதற்குப் பிறகு வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் சுற்றிவரச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் எழுதின ஆள் பேசாமல் இருந்து கேட்க வேண்டும். கடைசியில்தான் அவருக்குப் பேச்சு. எங்கள் சங்கக் கூட்டங்களில் இப்படி ஒரு விதி வைத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

நான் சுவரோரமாக இருப்பேன். அறையைப் பூட்ட வேண்டுமே. உருது எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஒன்பதாம் மாடி நஸ்ரீன் பாஜிதான் பக்கத்தில் இருந்து இங்கிலிஷில் மெல்லச் சொல்லுவா. கராச்சியில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்தவ. பாஜி என்றால் அக்கா. அவ என்னை சிவா பாய் என்பா. அதற்கு அண்ணன், தம்பி எதுவும் பொருந்தும். அவவின் இங்கிலிஷ் இஸ்திரி போட்டது, என்னுடையது கசங்கினது. இங்கே இரண்டையும் தமிழில் தருகிறேன்.

2

போன வசந்தத்தில் ஒருநாள் சர்தார்ஜி வாசித்தார். தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாக, தொண்ணூறைத் தொடப்போகிற மனிதர். உருதுக் கூட்டத்தில் ஒரு சீக்கியர் என்னத்துக்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் சின்ன வயதில் லாகூர்ப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போனபோது எல்லாப் பிள்ளைகளும் படித்தது உருதுதானாம். நாடு இரண்டாகி, ஊரைவிட்டு வந்த பிறகும் அவர் கதை எழுதுவது அந்த எழுத்தில்தான். லிஃப்ட்டில் ஏறும்போதெல்லாம் சொல்லுவார்: "இது என்னைவிட முப்பது வயது இளமை. மூச்சு வாங்கிறது மட்டும் இதுதான்."

அவர் வாசித்த கதை மிகவும் சின்னது. பாஜி சொல்லச் சொல்லக் கேட்டது இப்படி.

ஒரு குடும்பம் ஊரைவிட்டு வெளிக்கிடுகிறது. வெளியில் ஆட்கள் வாளோடு திரிகிறார்கள் என்று செய்தி. வண்டியில் ஏறின பிறகு, அந்த வீட்டுப் பெண்ணுக்கு அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வருகிறது. திரும்பி வராத வீடு. பருப்பு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன? ஆனாலும் அவளால் இருக்க முடியவில்லை. இறங்கி ஓடுகிறாள். உள்ளே போனால், அடுத்த வீட்டுக்காரி ஏற்கெனவே வந்து அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து பருப்பைக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரி கேட்கிறாள்: "உப்புப் போட்டாச்சோ?" இவள் சொல்லுகிறாள்: "போட்டாச்சு." திரும்பி வந்து வண்டியில் ஏறுகிறாள். கதை முடிந்தது.

வெட்டு இல்லை, ரத்தம் இல்லை. அறையில் ஒருவர் இருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் எழும்பி ஜன்னல் பூட்டப் போனேன்.

3

இரண்டு கிழமை கழித்து பாஜியின் குசினிப் பைப் ஒழுகியது. சிங்குக்குக் கீழே மல்லாக்கப் படுத்துக்கொண்டு நான் நட்டைக் கழற்ற, அவ கதிரையில் இருந்தபடி கேட்டா.

"சிவா பாய், அண்டைக்குச் சர்தார்ஜியின்ரை கதை முடியேக்கை ஏன் எழும்பிப் போனியள்?"

"ஜன்னல் பூட்டப் போனனான்."

"அண்டைக்கு மழையும் இல்லை, குளிரும் இல்லை."

ரீச்சராக இருந்தவவுக்குப் பொய் சொல்லித் தப்ப முடியாது. முகம் தெரியாமல் சிங்குக்குக் கீழே கிடந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. சொன்னேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், ஒட்டுமடத்தில். முஸ்லிம் ஆட்கள் இருந்த சோனகதெருவுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உடுப்புத் தைத்தது அங்கே கடை வைத்திருந்த தையல்கார நானா. நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். ஆறு வயதில் பள்ளிக்கூடச் சேட்டுக்கு என் கழுத்தை அளந்தவர், பத்தொன்பது வயதிலும் அளந்தார். அளக்கும்போது கழுத்துக்கும் நாடாவுக்கும் இடையில் தன் ஒரு விரலை வைப்பார். "மூச்சு விட இடம் வேணும் தம்பி" என்பார். கோடு போட்ட துணி கொண்டுபோனால் கால் யார் துணி கூடுதலாகக் கேட்பார். "கோடும் கோடும் சந்திக்க வேணும். இல்லாட்டி நான் தைச்சனான் எண்டு சொல்லாதையுங்கோ." அம்மா ஒவ்வொரு முறையும் முணுமுணுத்துக்கொண்டே கூடக் கொடுப்பா.

தொண்ணூறாம் ஆண்டு சாமான் எதுவும் யாழ்ப்பாணத்துக்கு வராத காலம். மாமாவின் மகளின் கலியாணத்துக்கென்று, எங்கேயோ மறைத்து வைத்திருந்த இளநீலத் துணி, மெல்லிய வெள்ளைக் கோடு போட்டது, அம்மா எடுத்துத் தந்தா. நானாவிடம் தைக்கக் கொடுத்தேன்.

ஒக்ரோபர் கடைசியில் ஒருநாள் காலை, ஒலிபெருக்கி கட்டின வாகனம் போனது. சோனகதெரு ஆட்கள் எல்லோரும் மைதானத்துக்கு வர வேண்டும் என்றது. கொஞ்ச நேரத்தில் எங்களுக்கும் கதை வந்துவிட்டது. அவர்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொல்லியாயிற்று. இரண்டு மணித்தியாலம். துவக்கோடு நின்றவர்கள் எங்கள் இயக்கப் பெடியங்கள். எங்கள் மொழி கதைக்கிறவர்கள். போகிறவர்களும் எங்கள் மொழிதான் கதைத்தார்கள்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். படலையில் சைக்கிள் மணி. நானா நின்றார். சைக்கிள் கரியரில் ஒரு பெரிய பொதி. அதில் இருந்து ஒரு கடதாசிச் சுற்றை எடுத்து என்னிடம் நீட்டினார். என் சேட்டு.

அவருக்கு இருந்தது இரண்டு மணித்தியாலம். வீட்டில் மனிசியும் மூன்று பிள்ளைகளும். அந்த நேரத்தில் அவர் தைக்கக் கொடுத்த ஆட்களின் துணியைத் திருப்பிக் கொடுக்க வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்.

நான் கடதாசியைப் பிரித்துப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"நானா, கொலர் வைக்கேல்லையே?"

"நேரம் காணேல்லைத் தம்பி. குறை நினைக்காதையுங்கோ. கொலர் வெட்டி உள்ளுக்கை வைச்சிருக்கிறன். நூலும் சுத்தி வைச்சிருக்கு. ஆரும் ஒராளைப் பிடிச்சு வைப்பிச்சுப் போடுங்கோ."

என்னிடம் மன்னிப்புக் கேட்ட மாதிரிச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுப் பொதியைத் தேடி எடுத்துக்கொண்டு சைக்கிளை உருட்டினார். அம்மா விறாந்தையில் பார்த்துக்கொண்டு நின்றா. "படலையைச் சாத்து" என்றா. சாத்தினேன்.

எனக்குத் தெரியாமல் கேட்டேன் என்றில்லை. அவர்கள் போகிறார்கள் என்பது தெரிந்துதான் கொலரைக் கேட்டேன்.

பாஜி கதிரையை இன்னும் கிட்ட இழுத்தா. பிறகு, "அவற்றை பேர் என்ன?" என்று கேட்டா.

"நானா எண்டுதான் கூப்பிடுவம்."

"அது பேர் இல்லையே."

"எங்களுக்கு அதுதான் பேர்."

"இதை நான் எழுதலாமோ?"

"எழுதுங்கோ பாஜி. என்ரை பேர் மட்டும் போடாதையுங்கோ."

பைப்பைப் பூட்டித் தண்ணீரைத் திறந்து காட்டினேன். ஒழுகவில்லை. துண்டில் கையெழுத்துப் போட்டுத் தந்தா.

4

இந்த நாட்டில் என் கதையை நான் சொன்னது அதற்கு முன் ஒரே ஒரு தரம்.

தொண்ணூற்றிரண்டில் வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறையில் ஏழு பேராகக் கிடந்தோம். அகதிக் கோரிக்கைக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உனக்கு என்ன நடந்தது, ஏன் திரும்பிப் போகப் பயப்படுகிறாய் என்று கேட்கும். லோயருக்கு மொழிபெயர்த்த அண்ணை ஒருவர் நல்ல மனிதர். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவர், சோனகதெரு என்று நான் தொடங்கினதும் பேனையை நிறுத்தினார்.

"தம்பி, உமக்கு நடந்ததைச் சொல்லும். மற்றாக்களுக்கு நடந்ததைச் சொன்னா கேஸ் குழம்பும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்கு நடந்தவையே அந்தத் தாள்களுக்குக் காணும். குண்டு, பங்கர், தம்பியை இழந்தது, கொழும்பில் பிடித்து வைத்தது. எல்லாம் உண்மை. வாசித்துக் கையெழுத்துப் போட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் நீ என்ன பார்த்துக்கொண்டு நின்றாய் என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியும் இருக்கவில்லை. இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பேப்பரில் ஒட்ட ஒரு படம் வேண்டும். என்னிடம் இருந்த ஒரே நல்ல சேட்டைப் போட்டுக்கொண்டு போய் எடுத்தேன். இளநீலம், வெள்ளைக் கோடு. கொலரை, தைக்கத் தெரியும் என்று சொன்ன ஒரு சின்னம்மாவைப் பிடித்து அம்மா வைப்பித்திருந்தா. கலியாணத்துக்கும் போட்டேன், கொழும்புக்கும் போட்டேன், விமானத்திலும் போட்டேன். கொலரின் ஒரு பக்கம் மேலே ஏறி, மற்றப் பக்கம் கீழே இறங்கி நிற்கும்.

என் மகள் ஆரணி பன்னிரண்டு வயதில் ஒரு பள்ளிக்கூட வேலைக்காகப் பழைய பேப்பர்களைக் கிண்டினபோது அந்தப் படத்தைக் கண்டாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, கொலர் ஏன் உப்பிடிக் கோணல்?"

"தைச்ச ஆள் சரியில்லை" என்றேன்.

வாயில் வந்தது அதுதான். ஒரு விநாடிதான் ஆகியிருக்கும். ஆனால் அந்தச் சொல் எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது. சுவரில் படம் சரிந்தால், கேக் ஒரு பக்கம் இறங்கினால், கார் பார்க்கிங்கில் கோணலாக நின்றால், "அப்பாவின்ரை ரெய்லர் செய்த வேலை" என்று மனிசியும் பிள்ளையும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பதினைந்து வருடமாக.

5

ஆரணி இப்போது விட்பியில் இருக்கிறாள். புது வீடு, அதே மாதிரி நூறு வீட்டுக்கு நடுவில். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ஞாயிறு வந்து, தாய் சமைத்து வைத்த கறிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போவாள். அவளோடு என் கதை அனேகமாக "சாப்பிட்டியோ", "ரயர் மாத்திட்டியோ", "குளிர் எப்பிடி" என்பதோடு முடிந்துவிடும். குறை சொல்லவில்லை. பாசமான பிள்ளை. கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, சொல்வதற்கு எங்கே தொடங்குவது என்று எனக்கும் தெரியாது.

இந்த ஒக்ரோபர் கடைசி ஞாயிறு நஸ்ரீன் பாஜியின் முறை. அன்றைக்குத்தான் ஆரணியும் வந்தாள். மனிசி வேலையில். வீட்டுச் சாவி கேட்டு என்னைத் தேடிப் பொது அறைக்கு வந்தவளை, பாஜி விடவில்லை.

"இரு பிள்ளை. இண்டைக்கு நான்தான் வாசிக்கிறன். உன்ரை அப்பாவுக்கு மொழிபெயர்க்க ஆள் வேணும்."

ஆரணிக்கு உருது முக்கால்வாசி விளங்கும். ஆறாம் மாடியில் லாகூர்ப் பிள்ளை ஒருத்தியோடு ஒன்றாக வளர்ந்தவள். பின்னேரங்களில் அந்த வீட்டில் இருந்து நாடகம் பார்த்தே படித்தது. மகள் காதுக்குள் சொல்ல, தகப்பன் தலையாட்டிக்கொண்டு கேட்க, நாங்கள் சுவரோரமாக இருந்தோம்.

"ஒரு தையல்காரர், அப்பா. கடலேரிக்குப் பக்கத்திலை ஒரு சின்ன ரவுண். யூசுஃப் எண்டு பேர்."

நான் கதிரையின் விளிம்பைப் பிடித்தேன்.

"எவ்ரிபடி ஹாஸ் டு லீவ். ரூ அவர்ஸ்தான் குடுக்கினம். அவர் பாக் பண்ணேல்லை. எல்லாற்றை உடுப்பையும் திருப்பிக் குடுக்கப் போறார்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "அப்பா, இது யாழ்ப்பாணம் மாதிரி இருக்கு."

பாஜி வாசித்துக்கொண்டே போனா. "கொலர்" என்ற சொல் உருதிலும் கொலர்தான். அது என் காதிலும் விழுந்தது. ஆரணி மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா. இது உங்கடை சேட்டோ?"

தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்ன குரல் வேறு. கதையில் பெடியன் கொலர் வைக்கவில்லையே என்று கேட்கிறான். யூசுஃப் மன்னிப்புக் கேட்கிறார். போகிறார். படலை சாத்தப்படுகிறது. அதுவரைக்கும் நான் சொன்னதுதான். பிறகு பாஜி ஒரு தாளைப் புரட்டினா.

"அவன் கேற்றைத் திறக்கிறான், அப்பா. வெறுங்காலோடை ஓடுறான். அங்கை லொறி வெளிக்கிடுது. பின்பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு கூட ஓடுறான். அந்த ரெய்லர் தன்ரை கழுத்திலை கிடந்த நாடாவை எடுத்து, ஓடுறவன்ரை கழுத்தை அளக்கிறார். கொலர் சைஸ் அவனுக்குத் தெரிய வேணும் எண்டு."

வட்டத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஆரணியின் கை என் கையைப் பிடித்திருந்தது. அவள் ரோட்டைக் கடக்க என் கையைப் பிடித்த வயதுக்குப் பிறகு இதுதான் முதல் தரம்.

"நீங்கள் ஓடிப் போனனீங்கள்" என்றாள். "வை டிடின்ற் யூ எவர் ரெல் மீ?"

ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தக் கை சூடாக இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். உங்களுக்கு ஒளிப்பானேன். அது அழகான கதை. நான் பேசாமல் இருந்தால் போதும், அது என்னுடையது ஆகிவிடும்.

6

பாஜி தாள்களை மடியில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டா. விதி. ஒவ்வொருவராகப் பாராட்டினார்கள். அந்த நாடாவைத் தன்னால் மறக்க முடியாது என்று கதவுப் பக்கக் கதிரையில் இருந்த ஒரு அம்மா சொன்னா. சர்தார்ஜியின் முறை வந்தது. அவர் தாடியைத் தடவிக்கொண்டு இருந்தார். ஆரணி எனக்குச் சொன்னாள்.

"முதல் பாதி நடந்தது. பின் பாதி ஆசை எண்டு சொல்லுறார்."

"அந்தப் பெடியன் ஓடியிருக்க மாட்டான்" என்றார் சர்தார்ஜி. "எங்கடை தெருவிலை இருந்தது நல்ல சனம். என்ரை தாயின்ரை பிள்ளைப்பேறு பாத்ததும் அவைதான். நாங்கள் போகேக்கை கதவுக்குப் பின்னாலை நிண்டு அழுதிருப்பினம். அதை நான் நம்புறன். ஆனா ஒருத்தரும் ஓடி வரேல்லை. நான் வண்டியிலை திரும்பி இருந்து பாத்துக்கொண்டே வந்தனான்."

"கதையிலையாவது ஓடட்டுமே" என்றா அந்த அம்மா.

"ஓடினவனை நீங்கள் பாத்தனீங்களோ?"

பாஜி என் பக்கம் பார்க்கவில்லை. தன் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தா. பேச முடியாத இடத்தில் அவ இருந்தா. பேசக்கூடிய ஒரே ஆள் நான்தான். அந்தக் கிழவர் பதினொரு வயதில் வண்டியில் திரும்பி இருந்து பார்த்த தெருவில் நான் நின்ற மாதிரி எனக்குப் பட்டது.

எழும்பினேன். ஆரணி என் கையை விட்டாள்.

"நான் கதிரை போடுற ஆள்" என்று தொடங்கினேன், என் கசங்கின இங்கிலிஷில். ஒருவரும் சிரிக்கவில்லை. "கதையிலை வாற பெடியன் நான். சர்தார்ஜி சொன்னது சரி. நான் ஓடேல்லை. படலையைச் சாத்திப்போட்டு உள்ளை போனனான். மத்தியானம் சாப்பிட்டனான்."

அதோடு இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் பிள்ளை இருக்கிறாள். மிச்சம் அவளுக்குரியது. தமிழுக்கு மாறினேன்.

"ஆரணி, அந்தப் படத்திலை இருக்கிற கொலர் அவர் வைச்சதில்லை. அதுக்குள்ளை அவையை ஊரைவிட்டுக் கலைச்சுப்போட்டம். வேறை ஒராள் வைச்சது. தைச்ச ஆள் சரியில்லை எண்டு நான் உனக்குச் சொன்னது பொய்."

அறையில் இருந்தவர்களுக்கு அது விளங்கவில்லை. ஆனால் ஒருவரும் என்ன என்று கேட்கவும் இல்லை. இருந்தேன். ஆரணி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகப் பாஜிக்குப் பேச்சு வந்தது.

"சிவா பாய் எனக்கு உள்ளதைத்தான் சொன்னவர். ஓட வைச்சது நான்" என்றா. "டெல்லியிலை இருந்து வெளிக்கிடேக்கை என்ரை அம்மா தெரு முனையிலை கொஞ்சநேரம் நிண்டவவாம். ஆரும் பேர் சொல்லிக் கூப்பிடுவினம் எண்டு. சாகும்வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டு இருந்தவ. ஆரோ ஒராளை நான் அவவுக்குப் பின்னாலை ஓட விட வேணும் எண்டு நினைச்சன். அதுக்கு உங்கடை காலை எடுத்துப்போட்டன். மன்னிக்க வேணும்."

பேனையை எடுத்து, கடைசித் தாளில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தா. இப்போது கதை படலை சாத்தின இடத்தில் முடிகிறது. சர்தார்ஜி எழும்பி வந்து என் தோளில் கையை வைத்தார். ஏதாவது நல்லதாகச் சொல்லுவார், குறித்து வைக்கலாம் என்று பார்த்தேன். அவர் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

7

கறிப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கொடுத்தேன். ஆரணி கதவைத் திறந்துகொண்டு நின்றாள். காற்று அடித்தது.

"அவற்றை உண்மையான பேர் என்ன?" என்று கேட்டாள்.

"தெரியாது, பிள்ளை."

"பதின்மூண்டு வருசம் உங்களுக்குத் தைச்சவர்."

"ஓம்."

"உங்கடை நெக் சைஸ் அவருக்குத் தெரியும்."

"எங்கடை வீட்டிலை எல்லாற்றையும் தெரியும்."

அவள் காரை எடுத்தாள். கோபமா, கவலையா என்று எனக்குப் பிடிபடவில்லை. பின்சிவப்பு விளக்கு லோறன்ஸ் அவெனியூவில் திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தநாள் காலை ஊருக்கு அக்காவுக்கு அடித்தேன். அங்கே பின்னேரம்.

"தையல்கார நானாவின்ரை பேர் என்ன, அக்கா?"

"ஆர், சோனகதெரு நானாவோ? அவற்றை பேர்..." என்று இழுத்தா. "மெஷினிலை மஞ்சள் எழுத்திலை ஒரு பேர் கிடந்தது."

"அது மெஷின்ரை பேர்."

"ஓமடாப்பா." பிறகு கேட்டா: "இப்ப ஏன்ரா உனக்கு அது? முப்பத்தைஞ்சு வருசமாச்சு."

"எனக்கு அவற்றை பேர் தெரிய வேணும்."

"அங்கை திரும்பி வந்து இருக்கிற சனம் கொஞ்சம் இருக்கு. போன இடத்திலை, புத்தளத்திலை அப்பிடியே தங்கினதும் கன பேர். விசாரிச்சுப் பாக்கிறன். எனக்கு ரெண்டு பிளவுசு தைச்சுத் தந்துட்டுப் போனவர்" என்றா. பிறகு குரல் இறங்கியது. "அதுகளும் அண்டைக்குத்தான் கொண்டு வந்து தந்தவர். முழுசா முடிச்சு. கொக்கி எல்லாம் வைச்சு."

அக்கா அப்போது கலியாணம் முடித்து அடுத்த ஒழுங்கையில் இருந்தவ, எனக்கு அது தெரியாது. அக்காவும் அதுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லையாம்.

இந்தக் குறிப்பை வாசிக்கிற உங்களில் யாருக்காவது அந்தக் கடை ஞாபகம் இருந்தால், பெயர் தெரிந்தால், எழுதுங்கோ. நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மூன்று நாளாக ஆரணியிடம் இருந்து சத்தம் இல்லை. புதன்கிழமை பின்னேரம், நான் குப்பை அறையில் நிற்கும்போது ஃபோன் வந்தது. "சாப்பிட்டியோ" என்று தொடங்கினேன்.

"அப்பா, அந்தப் படம் என்னட்டை ஃபோனிலை இருக்கு. சூம் பண்ணிப் பாத்தனான்."

"ம்."

"கொலரை விடுங்கோ. தோளைப் பாத்தனீங்களோ? சேட்டிலை வாற கோடும் கையிலை வாற கோடும் சரியா வந்து சந்திக்குது. ரெண்டு பக்கமும். ஒரு கோடுகூட விலகேல்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "ஹி வாஸ் றியலி குட், அப்பா."

"ஓம், பிள்ளை" என்றேன். "நல்ல தையல்காரர்."